சுண்டுவிரலில் காந்தக் கோடு

நகத்துக்கு என்ன வடிவம், ஆல்மண்டா, ஓவலா, ஸ்கொயரா, காஃபினா என்று கேட்டுவிட்டு யமுனா நகம் ராவுகிற பட்டையைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள், பந்தியில் சாம்பாரா ரசமா என்று கேட்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக. ஜெசிந்தாவுக்கு முதல் மூன்றும் காதில் ஏறவில்லை, கடைசியாகச் சொன்னது மட்டும் ஏறிக்கொண்டது, காஃபின், சவப்பெட்டி, அடுத்த வாரம் கூடப் பிறந்தவளுக்குக் கல்யாணம், அக்காக்காரி விரலுக்கு ஒரு சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு கோயில் வாசலில் பூத்தூவ நிற்கவேண்டுமாம், இந்தப் பேரை எவன் வைத்தான், ஆண்தான் வைத்திருப்பான், ஒரு பெண்ணுக்குத் தன் நகத்தைப் பார்த்தால் பிணம் ஞாபகம் வருமா. "காஃபின்னா என்னன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்று கேட்டாள். "தெரியும்க்கா, பேலரினான்னும் சொல்லுவாங்க, நீளமா வளந்து நுனியில சட்டுனு வெட்டினாப்ல இருக்கும்," என்று யமுனா சிரித்தாள், லால்குடியிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவள், இருபத்திரண்டு வயதுக்குமேல் இருக்காது, முகத்தில் பாதியை மாஸ்க் மூடியிருந்தாலும் சிரிப்பது கண்ணில் தெரிந்தது. பக்கத்து நாற்காலியில் பிரிசில்லா, கல்யாணப் பெண், தன் பத்து நகமும் முடிந்த மிதப்பில் கையை விளக்குக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதாம்பருப்பு மாதிரி நுனி கூம்பிய நீண்ட ஆல்மண்ட் நகங்கள், அடியில் தோல் நிறத்தில் ஒரு பூச்சு, நுனியில் மட்டும் நாவல்பழ நிறத்தில் பிறை, அந்தப் பிறைக்குள் வெள்ளி மாதிரி ஒரு கோடு, கையை ஆட்டினால் அந்தக் கோடும் கூடவே நகர்ந்தது, இருட்டில் பூனை கண்ணைத் திருப்புகிற மாதிரி. "அக்கா, நீ சண்டையை அப்புறம் வெச்சுக்க, இதைப் பாரு, சின்ன நகத்துக்கு இப்படி, நீள நகத்துக்கு இப்படி," என்று போனை நீட்டினாள். படம் படமாக ஓடியது, கட்டை நகத்துக்கு மயிரிழை மாதிரி மெல்லிசாக ஒரு வரி, சதுர நகத்துக்கு மூலையிலிருந்து மூலைக்குச் சாய்ந்த வரி, ஓவலுக்கு ஆழமான பிறை, கூர் நகத்துக்கு வி மாதிரி இரண்டு பக்கமும் இறங்குகிற கோடு, உலகத்தில் இருக்கிற கைகளையெல்லாம் வெட்டி ஒரே சுவரில் மாட்டின மாதிரி, ஒரு கைக்குக்கூட முழங்கை இல்லை, முகம் இல்லை, எந்தக் கையும் ஆடவில்லை. படத்தில் எந்தக் கைதான் ஆடும். "ஸ்கொயர்," என்றாள் ஜெசிந்தா, "இருக்கிற நகத்துலயே, கட்டையா, ஒட்டு நகம் எல்லாம் வேண்டாம்."

கட்டை நகம் என்றால் சீக்கிரம் முடியும், அதுதான் கணக்கு, நீளம் கூடினால் நேரம் கூடும், நேரம் கூடினால் கை வெளியில் இருக்கிற நேரம் கூடும். அதைப் பிரிசில்லாவிடம் சொல்லமுடியுமா, சொல்லாமல் இருப்பதற்காகத்தான் படியேறினதிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறாள், தில்லைநகர் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிற இந்த இடத்தை நகக்கடை என்று சொல்லி, "கடை இல்லக்கா, ஸ்டுடியோ" என்று தங்கச்சி திருத்தினபோது, துணி தைக்கிறவர் உட்கார்ந்தால் கடை, நகம் ராவுகிறவள் உட்கார்ந்தால் ஸ்டுடியோவா என்று ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. பிரெஞ்சு மெனிக்யூர் என்றால் பிரெஞ்சுக்காரி கண்டுபிடித்ததா, நகத்து நுனி வெள்ளையாக இருப்பது பொன்மலையில் இருக்கிறவளுக்கும்தான் இருக்கிறது, கடவுள் போட்டது, அதற்கு ஏன் பிரான்சுக்கு நன்றி சொல்லவேண்டும். யமுனா எல்லாவற்றுக்கும் "ஆமாக்கா, ஆமாக்கா" என்றபடி இடது கையை வேலை பார்த்தாள். இடது கை நல்ல கை. மேசைமேல் மெத்தை மாதிரி ஒரு திண்டு, அதன்மேல் மணிக்கட்டு, ஒவ்வொரு விரலாக யமுனா நுனியைப் பிடித்து, மெல்லிய தூரிகையால் நகத்து விளிம்பில் பாட்டில் பச்சை நிறத்தில் பிறை போட்டு, உடனே பேனா மூடி அளவுக்கு ஒரு காந்தத்தை எடுத்து நகத்துக்கு மேலே, படாமல், ஒரு நூல் இடைவெளியில் நிறுத்தினாள். ஈரப் பூச்சுக்குள் சிதறிக் கிடந்த இரும்புப் பொடி தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி நகர்ந்து, கூடி, ஒரே கோடாக நின்றது. "அசையாம இருங்கக்கா, இப்ப லைட்டுக்குள்ள விட்டுடலாம், லேட்டானா கோடு கலைஞ்சிடும்," என்று விரலை நீல வெளிச்சத்துக்குள் தள்ளினாள். அழகாக இருந்தது. அழகாக இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள எரிச்சலாக இருந்தது. வலது கை மடியில், துப்பட்டாவுக்கு அடியில், தொடைக்கும் நாற்காலிக்கும் நடுவில் இருந்தது, அங்கே அது சும்மா இருந்தது, சும்மா இருக்கும்போது அது ஒன்றும் செய்யாது, நீட்டினால்தான்.

நீட்டினால்தான் என்று முதலில் தெரிந்தது யுனிவர்சிட்டி கருத்தரங்கில். செயற்கைக் கல் பட்டை தீட்டுகிற பெண்களைப் பற்றித்தான் அவளுடைய ஆராய்ச்சி, திருச்சியைச் சுற்றி வீட்டு வாசலில் சக்கரம் சுற்றிக் கடுகளவுக் கல்லைத் தீட்டிக்கொண்டிருக்கிற பெண்கள், அவர்களுக்குக் கூலி எப்படிக் குறைகிறது என்று திரையில் ஒரு வரைபடம், அதில் கோடு இறங்குகிற இடத்தைக் காட்டச் சிவப்பு விளக்குக் குச்சியை நீட்டினாள், சிவப்புப் புள்ளி இறங்குகிற கோட்டில் நிற்கவில்லை, ஈ மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். டென்ஷன் ஆகாதம்மா என்றார் துறைத் தலைவர், அந்த ஒரு வார்த்தையை அவள் பிடித்துக்கொண்டாள், டென்ஷன் இல்லை சார் கோபம், போன வருஷம் இதே மேடையில் இந்தப் பெண்களை நீங்கள் சுயதொழில் முனைவோர் என்று சொன்னீர்கள், சக்கரம் முதலாளியுடையது, கல் முதலாளியுடையது, முதுகுவலி மட்டும் இவர்களுடையது, இதில் எங்கே சார் சுயம் என்று பொரிந்து தள்ளினாள், அரங்கமே கை தட்டியது, கை ஏன் நடுங்கியது என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை, கோபம் வந்தால் நடுங்கும்தானே. அன்றைக்குக் கற்றுக்கொண்டாள். கோபப்பட்டால் நடுங்கலாம். அதற்கப்புறம் எங்கே கை ஆடுமோ அங்கே முந்திக்கொண்டு ஒரு சண்டையை ஆரம்பித்துவிடுவது, கேன்டீனில் டீ கிளாஸை வாங்கும் முன்னால் சர்க்கரை அதிகம் என்று, பஸ்ஸில் சில்லறை நீட்டும்போது கண்டக்டரிடம் ஏன் கத்துகிறீர்கள் என்று. அவளுக்கு இயல்பாகவே கோபம் உண்டு, அது பொய் இல்லை, சின்ன வயதிலிருந்தே வாய் நீளம், ஆனால் இப்போதெல்லாம் வருகிற கோபத்தில் எது அவளுடையது, எது கைக்குக் காவலாக நிற்கிறது என்று பிரித்துப் பார்க்க அவளுக்கே தெரியவில்லை, அதுதான் ராத்திரியெல்லாம் குடைகிறது, நாளைக்கு உண்மையாகவே ஒரு அநியாயத்தைப் பார்த்துக் கத்தினால் அது அநியாயத்துக்காகவா கைக்காகவா. மாப்பிள்ளை வீட்டார் திண்டுக்கல்லிலிருந்து பெண் பார்க்க வந்த அன்றைக்கும் இதே கதைதான். காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தாள், பாதி தூரத்தில் டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று இடித்துக் கிணுகிணு என்று பேச ஆரம்பித்தன, தட்டை டீப்பாயில் வைத்த வேகத்தில், "பொண்ணுக்கு எவ்வளவு போடுவீங்கன்னு கேக்கறதுக்குத்தானே வந்திருக்கீங்க?" என்று மாப்பிள்ளை ஆல்வினுடைய மாமாவைப் பார்த்துக் கேட்டுவிட்டாள், பாவம் அந்த மனுஷன் வெயிலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அம்மா சேலைத் தலைப்பைக் கடித்தாள். அவர் பெரிய மனுஷன், சிரித்துவிட்டு, "வக்கீலம்மா இருக்கற வீட்டுல வாயைத் திறப்போமா?" என்றார், இன்றுவரை போனில் வக்கீலம்மா சௌக்கியமா என்றுதான் கேட்கிறார்.

அதே கூடத்தில்தான் ஆல்வினுடைய அத்தை அப்பாவைப் பார்த்துக்கொண்டே, "சாருக்குக் கை ஏன் ஆடுது?" என்று கேட்டாள். அப்பா சூசைராஜ் மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் கிடந்த இடது கை தானாகப் பீடி சுருட்டுகிற மாதிரி கட்டைவிரலையும் ஆள்காட்டியையும் உரசிக்கொண்டே இருந்தது. "ரயில்வே ஒர்க்ஷாப்புல அத்தனை வருஷம் லேத்துல நின்னாரு இல்லீங்களா, நரம்புத் தளர்ச்சி," என்றாள் அம்மா, எத்தனையோ தரம் சொல்லிப் பழகின வாய், ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. அத்தை தலையாட்டினாள். லேத்து என்றால் சரி, வேலையால் வந்தது என்றால் சரி, ரத்தத்தில் இருக்கிறது என்றால்தான் சரியில்லை. பார்க்கின்சன் என்ற வார்த்தையை அந்த வீட்டில் யாரும் வாயால் சொல்வதில்லை, மாத்திரை அட்டையை அம்மா சீரக டப்பாவுக்குப் பின்னால் வைக்கிறாள், விருந்தாளி வந்தால் டப்பாவைச் சுவரோரம் தள்ளிவிடுகிறாள். இதெல்லாம் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை என்று டாக்டர் அப்பாவிடமே சொல்லியிருக்கிறார், ஜெசிந்தா பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள், பெரும்பாலும், அந்தப் பெரும்பாலும் என்கிற வார்த்தையைத்தான் அவளால் விழுங்கவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை. அவள் கட்சி இதுதான்: அப்பாவுக்குக் கை சும்மா கிடக்கும்போது ஆடும், ஸ்பேனரைப் பிடித்தால் நின்றுவிடும், எனக்குச் சும்மா கிடக்கும்போது நிற்கும், எதையாவது பிடித்தால் ஆடும், ஆக இரண்டும் வேறு, ஆக எனக்கு அது இல்லை. எதிர்க்கட்சியும் அவளேதான்: நீ டாக்டரா, எத்தனை பேரைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தாய், ஒரே ஒரு அப்பாவையும் ஒரே ஒரு உன்னையும் வைத்து, எந்தப் பரீட்சைத் தாளில் இதை ஒத்துக்கொள்வார்கள், அது இல்லை என்றால் பிறகு எது, வேறு ஏதாவது பெயர் வைத்த இன்னொன்றா, உனக்கே அவ்வளவு நிச்சயம் என்றால் போய்க் காட்டவேண்டியதுதானே. காட்டலாம், கல்யாணம் முடியட்டும், இப்போது போய் எம்.ஆர்.ஐ. அது இது என்று கிளம்பினால் வீட்டில் தெரியும், வீட்டில் தெரிந்தால் திண்டுக்கல்லுக்குத் தெரியும், அப்பாவுக்கும் இருக்கிறது மூத்தவளுக்கும் இருக்கிறது என்றால் இளையவளைப் பார்க்கிற பார்வை என்ன ஆகும். இது தியாகம் என்று சில நாள் தோன்றும். பயத்துக்கு நல்ல சட்டை போட்டுவிட்டிருக்கிறேன் என்று சில நாள் தோன்றும். அப்பா மறைத்தபோது எப்படிக் கத்தினாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து "குளிருதும்மா" என்பார், சித்திரை மாசத்தில், கோயிலில் பெஞ்சுக்கு அடியில் கையைத் தொடையால் அழுத்திக்கொள்வார், இரண்டு வருஷம், லேத்தை விட்டு எடுத்து ஸ்டோரில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று இரண்டு வருஷம் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை, கடைசியில் தெரிந்தபோது, "எங்ககிட்டகூடவாப்பா, நாங்க என்ன உங்க ஃபோர்மேனா?" என்று கேட்டாள், மறைத்ததற்காக அவரை இன்னும் மன்னிக்கவில்லை. "அக்கா, இந்தக் கை முடிஞ்சிருச்சு, அந்தக் கையைக் குடுங்க," என்றாள் யமுனா. ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். வலது கை தொடைக்கு அடியில் இருந்தது.

எடுத்துத் திண்டின்மேல் வைத்தாள். மணிக்கட்டை அழுத்தி, முழங்கையை நாற்காலிக் கையில் ஊன்றி, மூச்சை அடக்கி, இதெல்லாம் செய்கிறேன் என்று தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. கட்டைவிரல் தப்பியது, அது தடி விரல், அசைந்தாலும் தெரியாது. ஆள்காட்டியும் தப்பியது. நடுவிரலுக்குக் காந்தம் வந்தபோது விரலுக்குள் எறும்பு ஓடுகிற மாதிரி ஆரம்பித்தது, அவள் உடனே, "இந்த லைட் தோலுக்கு நல்லதா? எத்தனை பேருக்கு நீங்க ஒரு நாளைக்குப் போடறீங்க, உங்க கை எப்பவும் இதுக்குப் பக்கத்துல இருக்கே, க்ளவுஸ் குடுத்தா என்ன, ஓனர்கிட்ட கேட்டீங்களா?" என்று தொடங்கினாள், "கேட்டா தருவாங்கக்கா," என்றாள் யமுனா, அவளுக்குக் கண் நகத்தில் இருந்தது. மோதிர விரலில் கோடு கொஞ்சம் தடித்தாற்போல் விழுந்தது, யமுனா அப்படியே விளக்குக்குள் தள்ளிவிட்டாள். பிறகு சுண்டுவிரல். பாவப்பட்ட விரல், கையில் எது நடந்தாலும் கடைசியில் போய்ச் சேருகிற இடம், யமுனா நுனியைப் பிடித்துப் பச்சைப் பிறையைப் போட்டாள், காந்தத்தை மேலே கொண்டுவந்தாள், ஒரு நூல் இடைவெளி, இரும்புப் பொடி கூடத் தொடங்கியது, விரல் துள்ளியது, காந்தத்தில் போய் முட்டிக்கொண்டது. பிறை முழுக்க இழுபட்டுத் தோலில் அப்பிக்கொண்டது. "பரவால்லக்கா," என்று யமுனா பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடி முட்டியது. "ஏசி ஜாஸ்தியா இருக்காக்கா, குறைக்கவா?" என்று கேட்டாள், மெதுவாக, பிரிசில்லாவுக்குக் கேட்காத அளவுக்கு மெதுவாக, அந்த மெதுவில்தான் ஜெசிந்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது, இவளுக்குத் தெரிந்துவிட்டது, இவளுக்குத் தெரிந்து இவள் எனக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுக்கிறாள், அப்பாவுடைய அதே குளிருதும்மா. மூன்றாவது தடவை காந்தம் நெருங்கும்போதே கை பயந்து ஆட ஆரம்பித்துவிட்டது, ஆடக்கூடாது என்று நினைத்ததால் ஆடியது, ஆடுகிறது என்று பார்த்ததால் கூடுதலாக ஆடியது, பக்கத்தில் பிரிசில்லா போனிலிருந்து தலையைத் தூக்கி, "என்னாச்சு?" என்றாள்.

"என்னாச்சா? இவங்க காந்தம் சரியில்ல, அதான் ஆச்சு!" என்றாள் ஜெசிந்தா. சத்தம் தேவைக்கு மேல் வந்தது, வந்தபிறகு அதை நிறுத்தமுடியவில்லை. "ஒரு விரலுக்கு எத்தனை தரம் அழிச்சு அழிச்சுப் போடுவீங்க? ட்ரெய்னிங் எடுத்தீங்களா, இல்ல வீடியோ பாத்துக் கத்துக்கிட்டீங்களா? கல்யாண வீட்டு ஆளுங்கன்னா எதை வேணா போட்டு அனுப்பிச்சிடலாம்னு நினைப்பா?" யமுனாவின் கண்ணில் இருந்த சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. "இல்லக்கா," என்றாள். "அக்கா, ஏன் இப்படிக் கத்தற, எனக்கு நல்லாத்தானே போட்டாங்க?" என்றாள் பிரிசில்லா. அதற்குள் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு ஓனர் ரேணுகா மேடம் வந்துவிட்டாள், காதில் ப்ளூடூத், வாயில் பாதி மென்ற ஏதோ, வாடிக்கையாளரைப் பார்த்து ஒரு சிரிப்பு, வேலைக்காரியைப் பார்த்து இன்னொரு முகம். துடைத்துப்போட்ட பஞ்சுகளைப் பார்த்தாள், காந்தத்தைத் தூக்கிப் பார்த்தாள், காந்தத்தின் முனையில் பச்சை அப்பியிருந்தது. "காந்தம் நகத்துல படற அளவுக்கா கொண்டுபோவ? எத்தனை தடவை சொல்லிக்குடுத்தேன், மேல நிறுத்து மேல நிறுத்துன்னு? உனக்கென்ன கை நடுங்குதா? காலைல சாப்பிட்டியா இல்லியா?" "சாப்பிட்டேன் மேடம்." "பின்ன என்ன கேடு? பிரைடல் பார்ட்டிக்கு இப்படிச் செஞ்சா நாளைக்கு யாருடி வருவா? நீ எந்திரி. கால் பக்கம் போ, ஷீபாவை வரச்சொல்லு, இனிமே ஆர்ட் வேலைக்கு நீ உக்காராத, கை நிக்கறவதான் இங்க உக்காரணும்." சாரி மேடம் என்று யமுனா எழுந்தாள். எழும்போது ஜெசிந்தாவைப் பார்க்கவில்லை, பார்க்கக்கூடாது என்று கவனமாக இருந்தாள், மேசையில் தூரிகைகளை ஒவ்வொன்றாக மூடி வைத்தாள், அவள் விரல்கள் ஒரு இம்மியும் அசையவில்லை.

சொல்லாமல் இருந்துவிடலாம். இப்போது வாயை மூடிக்கொண்டால் போதும், ஷீபாவோ யாரோ வருவாள், சுண்டுவிரல் மட்டும் வெறும் பூச்சாக விடுங்கள் போதும் என்று சொல்லிவிடலாம், இதுகூட ஒரு ஸ்டைல் என்பார்கள், படியிறங்கிவிடலாம், கல்யாணம் நடக்கும், அப்புறம் ஒரு நாள் இங்கே வந்து யமுனாவுக்கு ஏதாவது நல்லது செய்யலாம், என்ன நல்லது, கால் நகம் வெட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன நல்லது, கல் பட்டை தீட்டுகிறவர்களின் முதுகைப் பற்றி மேடை மேடையாகப் பேசுவாயே, அங்கே முதலாளி எப்போதும் வேறு யாரோ ஒருத்தனாக இருந்தான், அதனால் பேசமுடிந்தது. கோபம் வந்தது. வந்ததே என்று கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, ரேணுகா மேடத்தின்மேல் வந்தது, எத்தனை சுலபமாக எந்திரி என்கிறாள், இதற்கு ஒரு விசாரணை உண்டா, அந்தப் பெண்ணிடம் என்ன நடந்தது என்று ஒரு கேள்வி கேட்டாளா, நாக்கில் எல்லாம் தயாராக வந்து நின்றது, வரிசையாக, ஒன்றுக்கு மேல் ஒன்று அழகான வாதங்கள், தொழிலாளர் சட்டம், மரியாதை, மனுஷத்தன்மை, எல்லாவற்றையும் எடுத்து வீசலாம், யமுனாவுக்காகவே சண்டை போடலாம், போட்டுவிட்டு இதே கையை மறுபடி தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். இந்தச் சண்டையும் அதே சட்டைதான். நியாயத்துக்குப் பேசுகிற மாதிரியே பேசிக்கொண்டு அந்த ஒரு வரியை மட்டும் சொல்லாமல் விடுகிற சண்டை. அந்த ஒரு வரியில் வாதமே இல்லை, அதனால்தான் அது வாய்க்கு வரவில்லை, எதிர்க்க ஆள் இல்லாத வரியை எப்படிப் பேசுவது என்று அவளுக்குப் பழக்கமில்லை. யமுனா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு ஏப்ரன் முடிச்சை அவிழ்க்கக் கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

"மேடம், அவங்க கை நடுங்கல," என்றாள் ஜெசிந்தா. "என் கை." ரேணுகா மேடம், "இருக்கட்டும்மா, நீங்க அவளுக்குப் பரிஞ்சு பேசாதீங்க," என்றாள். "பரிஞ்சு பேசல. நான்தான் பொய் சொன்னேன். அவங்க காந்தத்தை நல்லாத்தான் பிடிச்சாங்க, என் விரல்தான் போய் முட்டிச்சு. நாலு மாசமா இப்படித்தான் இருக்கு." சொல்லிமுடித்ததும் அறை அப்படியே நிற்கும் என்று நினைத்திருந்தாள், நிற்கவில்லை, ஏசி ஓடிக்கொண்டே இருந்தது, கீழே எவனோ ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான், ரேணுகா மேடம் காதிலிருந்த ப்ளூடூத்தைக் கழற்றிவிட்டு, "ஓ," என்று மட்டும் சொன்னாள், பிறகு யமுனாவிடம், "சரி, உக்காரு, நீயே முடி," என்று சொல்லிக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள், சாரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம், அது உண்மையான கோபம். யமுனா உட்கார்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் முறைத்தாள். "மொதல்லயே சொல்லியிருந்தா விரலை வேற மாதிரி பிடிச்சிருப்பேன்லக்கா?" "சொல்லியிருக்கணும். தப்பு என் மேலதான், யமுனா." "வீடியோ பாத்தெல்லாம் நான் கத்துக்கல. மெட்ராஸ்ல போய் ஆறு மாசம் கத்துக்கிட்டேன்." "சரிம்மா." தங்கச்சி பக்கம் திரும்பத்தான் ஜெசிந்தாவுக்குப் பயமாக இருந்தது. திரும்பினாள். பிரிசில்லா போனை மடியில் கவிழ்த்துவைத்திருந்தாள், அவள் முகத்தில் பவுடர் எல்லாம் தனியாகத் தெரிந்தது. "நாலு மாசமா? என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவேவா?" "அதுக்கு முன்னாலயே." "அந்த மாமாகிட்ட நீ கத்தினது?" "தட்டு ஆடிச்சு." பிரிசில்லா எழுந்து வந்து அக்காவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துத் திண்டின்மேல் அழுத்தினாள், "நான் பிடிச்சுக்கறேன், நீங்க போடுங்க," என்றாள் யமுனாவிடம். "விடு பிரிசி," என்றாள் ஜெசிந்தா, "ஒரு நிமிஷம் விடு. எவ்வளவு ஆடுதுன்னு நானே இன்னும் நேராப் பாத்ததில்ல." கையைத் திண்டிலிருந்து தூக்கி, ஊன்றாமல், மூச்சை அடக்காமல், மூன்று பேருக்கும் நடுவில் காற்றில் நீட்டினாள். ஆடியது. மறைத்தபோது கற்பனை செய்ததைவிடக் குறைவாக ஆடியது, இல்லை என்று சொல்லமுடியாத அளவுக்கு ஆடியது. அப்பாவுக்கு மாதிரி இல்லை என்று சொல்ல வாய் வந்தது, மூடிக்கொண்டாள், அதைச் சொல்ல வேண்டியவர் வேறு ஒருத்தர். "கல்யாணம் முடிஞ்சதும் டாக்டர்கிட்ட போலாம்னு இருந்தேன். உனக்காகன்னு சொல்லிக்கிட்டேன். நீ சொல்லு, பிரிசி. முன்னாலயா, பின்னாலயா? ஆல்வின் வீட்டுக்குத் தெரிஞ்சா உனக்குத்தான் கஷ்டம்." பிரிசில்லா பழக்கமில்லாத புது நீள நகத்தால் போனைத் தட்டமுடியாமல் விரலைப் பக்கவாட்டில் சாய்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்க்கிற டாக்டரின் கிளினிக் நம்பரைத் தேடுகிறாள் என்று ஜெசிந்தாவுக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் புரிந்தது. "நாளைக்கு இருக்காங்களான்னு கேக்கறேன்," என்றாள் பிரிசில்லா, போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ரெண்டு பேருக்கும் கேக்கறேன். ஆல்வின்கிட்ட ராத்திரி நானே சொல்லிடறேன், என்ன சொல்றாருன்னு எனக்கும் தெரியணும்ல." "ரெண்டு பேருக்கா? உனக்கென்ன?" "எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா தினம் காலைல எந்திரிச்சதும் கையை நீட்டிப் பாத்துட்டுத்தான்க்கா பாத்ரூமுக்கே போறேன். உனக்காவது கத்தத் தெரியும்."